ஞாயிற்றுக்கிழமை வாடிக்கைக்காரி

அந்த யார்டில் விற்பனைக்கான பழைய கார்கள் சாலைப் பக்கம் மூக்கை நீட்டியபடி வரிசையாக நிற்கும். காலையில் கம்பிக் கதவைத் திறந்ததும், வேலையாட்கள் வாளியும் துணியுமாக வந்து அவற்றைக் கழுவித் துடைப்பார்கள். அதன் பிறகு முதலாளியே ஒரு டப்பாவிலிருந்து மெழுகை விரலால் வழித்தெடுத்து, பானெட்டுகளின் மேல் வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். எப்பேர்ப்பட்ட கிழட்டு வண்டியும் அவர் கை பட்டால் கல்யாண மாப்பிள்ளை போலாகிவிடும். அதனால் எல்லோரும் அவரைப் 'பளபளா' என்றே அழைத்தார்கள். அவரும் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டு, கடைப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்.

அவருடைய மைத்துனன் வீட்டுக்கு இரண்டாவதாக ஒரு வண்டி தேவைப்பட்டது. மைத்துனன் லிஃப்ட் மெக்கானிக். அவனிடம் ஒரு வேன் இருந்தது. ஆனால் அது பாதி வண்டி, பாதி பட்டறை. பின்பக்கம் முழுவதும் கம்பி வடமும் எண்ணெய் டப்பாவும் கருவிப் பெட்டியும் அடைத்துக் கிடக்கும். அவன் மனைவி, வீடு வீடாகச் சென்று நோயாளிகளின் புண்களுக்குக் கட்டு மாற்றும் நர்ஸ். மகளுடைய பள்ளி ஒரு திசையில், நர்ஸ் போக வேண்டிய வீடுகள் எதிர்த் திசையில். இருவரையும் இறக்கிவிடப் புறப்படும் நேரத்தில்தான் எங்கோ ஒரு லிஃப்ட் நடுவில் நின்று, உள்ளே மாட்டிக்கொண்டவர் போனில் அலறுவார். பல காலைகளில் பாதி வழியில் இறங்கி, மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்தின் பின்னால் ஓடியிருக்கிறாள் அவள்.

அப்படியிருந்த சமயத்தில்தான் பளபளாவின் மனைவி தன் தம்பிக்குப் போன் செய்தார்.

"தம்பி, உங்க மாமா தங்கமா ஒரு வண்டி எடுத்து வச்சிருக்காராம்டா. வெளியாளுக்குக் குடுக்க மனசு வரலையாம். விலையும் உனக்காகக் குறைச்சே சொல்றாராம். நானே சீட் கவர் தச்சுப் போட்டிருக்கேன், போய்ப் பாரு."

போய்ப் பார்த்தார்கள். வெள்ளை நிறக் கார். உள்ளே எலுமிச்சை வாசனை ஆளைத் தூக்கியது. பாலாடை நிறத்தில் புத்தம் புதிய சீட் கவர், ஓரங்களில் இரட்டைத் தையல்.

"பானெட்டைத் திறந்து பாரு மாப்பிள்ளை" என்றார் பளபளா. "யாரா இருந்தாலும் பாத்துத்தான் வாங்கணும்."

"என்ன மாமா நீங்க! உங்க வண்டியத் திறந்து பாக்கறதா? அக்காவுக்குத் தெரிஞ்சா என்னை வீட்டுக்குள்ளயே சேக்க மாட்டா."

உறவினர் பரிமாறிய சோற்றை முகர்ந்து பார்ப்பதும், உறவினர் விற்கும் பொருளைத் திறந்து பார்ப்பதும் அந்தக் குடும்பத்தில் ஒரே தரத்துக் குற்றங்கள். அதை அறிந்துதான் பளபளா அவ்வளவு தாராளமாகச் சொன்னார் என்பது அன்று யாருக்கும் தோன்றவில்லை.

மழைக்காலம் தொடங்கியதும் கார் தன் குணத்தைக் காட்டியது. ஒரு நாள் மேம்பாலத்தின் நடுவில் நின்றது. இன்னொரு நாள் சிக்னலில் விளக்குகள் தாமாக எரிந்தன, ஹாரன் தானாக அலறியது, பிறகு எல்லாமே அடங்கிப்போயின. நர்ஸ் நனைந்தபடி இறங்கி நடந்தாள். அவள் வருகைக்காகப் புண்பட்ட காலை நீட்டிக் காத்திருந்த நூல் வியாபாரி, கட்டு ஊறிப்போய் அரை நாள் முனகிக்கொண்டிருந்தார். இதுபோல மூன்று நான்கு வீடுகளிலிருந்து புகார் போயிற்று. அவளை வேலைக்கு அனுப்பும் நிறுவனத்தின் மேற்பார்வை அம்மா, அவளைச் சரக்கு வைக்கும் கிட்டங்கியில் பஞ்சும் துணியும் மடித்து அடுக்கும் வேலையில் உட்கார வைத்தார்.

"கை சுத்தம்னா உன் கைதான், நான் இல்லேங்கல" என்றார் அந்த அம்மா. "ஆனா புண்ணு உன் காருக்காகக் காத்துக்கிட்டு இருக்காதே. மழைக்காலம் முடியறதுக்குள்ள ஒழுங்கான வண்டியோட வா. இல்லேன்னா அந்த வீடுங்களை வேற பொண்ணுக்குக் குடுத்துடுவேன். நூல்காரர் உன் பேரையே சொல்லிக்கிட்டு இருக்காரு, அதான் பொறுத்துக்கிட்டு இருக்கேன்."

தெருமுனை மெக்கானிக் காரைப் பார்த்தான். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. ஓட்டுநர் பக்கத்து சீட் பெல்ட்டைப் பிடித்து, சுருள் முடியும் மட்டும் இழுத்தான். வெளியே தெரியும் பகுதி கறுப்பாக இருந்தது. உள்ளே சுருண்டு கிடந்த பகுதியில், காய்ந்த சேறு ஒரு கோடாகப் படிந்திருந்தது.

"தண்ணி குடிச்ச வண்டிம்மா. வெள்ளத்துல மூழ்கினது. கழுவித் துடைச்சு வாசனை அடிச்சுக் குடுத்திருக்காங்க. யாருகிட்ட வாங்கினீங்க?"

"சொந்தக்காரர்கிட்ட" என்றான் கணவன்.

"அதானே" என்று மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டான்.

இருவரும் யார்டுக்குப் போனார்கள். பளபளா டீ வரவழைத்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

"திறந்து பாக்கச் சொன்னேனா இல்லையா மாப்பிள்ளை? நீதானே வேண்டாம்னே?"

"நம்பி வாங்கினோம் மாமா."

"நம்பி வாங்கினியா? நம்பிக்கைக்கு எவன் வாரண்டி குடுப்பான்?" வேலையாட்கள் பக்கம் திரும்பி அவர் கண்ணடித்தார். "தங்கச்சி பாக்கறதப் பாருங்கடா. ஊசி போட இடம் தேடற மாதிரியே பாக்குது!"

வேலையாட்கள் சிரித்தார்கள். கணவன் தலையைக் குனிந்துகொண்டான். நர்ஸ் தன் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். கோப்பையை வைத்துவிட்டு எழுந்து, "டீ நல்லா இருந்துச்சுண்ணா" என்றாள்.

தன் கணவனுடைய அக்காளின் கணவரை அவள் முறைப்படி 'அண்ணா' என்றுதான் அழைத்து வந்தாள். அந்த முறையை அவள் அதன் பிறகும் மாற்றிக்கொள்ளவில்லை. அதைவிடக் கூர்மையான கருவி எதுவும் தன் பையில் இல்லை என்பதை, யார்டிலிருந்து வெளியே வருவதற்குள் அவள் கண்டுகொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, தலை வாரி, குடையுடன் அவள் தனியாக யார்டுக்கு வந்தாள். ஞாயிறுதான் அங்கே வியாபார நாள். வேலைக்குப் போகிறவர்கள் குடும்பத்தோடு கார் பார்க்க வருவார்கள்.

"வாம்மா தங்கச்சி! என்ன இந்தப் பக்கம்?"

"ஒண்ணும் இல்லண்ணா. அந்த வெள்ளைக் கார்தான் ஆகலையே, வேற ஒண்ணு வேணும்ல? அண்ணன் கடை இருக்கும்போது வெளியில போய்ப் பாத்தா நாலு பேரு என்ன நினைப்பாங்க? நீங்க உங்க வேலையப் பாருங்க. நான் சும்மா பாக்கறேன்."

அவள் வரிசையின் முதல் காரில் ஏறினாள். கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு சீட் பெல்ட்டை இழுத்தாள். அது கடைசி வரை வரும் ஓசை யார்டு முழுவதும் கேட்டது. இறங்கினாள், பானெட்டைத் திறந்தாள், குனிந்து பார்த்தாள், மூடினாள். அடுத்த கார். அதற்கடுத்தது. நான்காவது காரின் அருகே ஒரு பள்ளி ஆசிரியரும் அவர் மனைவியும் நின்றிருந்தார்கள். ஆசிரியர் முன்பணம் கொடுக்கப் பையில் கைவிட்டிருந்தார்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க" என்றாள் நர்ஸ், மிகவும் பணிவாக. "பெல்ட்டை முழுசா இழுத்துப் பாத்தீங்களா?"

"எதுக்கும்மா?"

"உள்ள சேறு இருக்கான்னு பாக்கத்தான். இது எங்க அண்ணன் கடைதான். அவர்கிட்ட வாங்கின வண்டியிலதான் இதெல்லாம் கத்துக்கிட்டேன்."

ஆசிரியரின் மனைவி நர்ஸைப் பார்த்தார், பிறகு பளபளாவைப் பார்த்தார், பிறகு கணவரின் கையைப் பையிலிருந்து வெளியே எடுத்தார்.

"தங்கச்சி!" பளபளா ஓடி வந்தார். "வெயில்ல ஏன் நிக்கறே? உள்ள வந்து ஃபேன் காத்துல உக்காரு!"

"வெயில் உடம்புக்கு நல்லதுண்ணா. நோயாளிங்களுக்கே நாங்க சொல்றது."

அவரால் அவளை விரட்ட முடியவில்லை. எல்லோர் காதிலும் விழும்படி தங்கச்சி என்று அழைத்துவிட்டார். தங்கச்சியும் குரலை உயர்த்தவில்லை, ஒரு பொய்யும் சொல்லவில்லை, ஒருவரையும் வாங்காதீர்கள் என்று தடுக்கவில்லை. கேள்வி மட்டும்தான் கேட்டாள். போகும்போது, "அண்ணி நல்லா இருக்காங்களா?" என்று நலம் விசாரித்துவிட்டே போனாள்.

இரண்டாவது ஞாயிறு அவள் வந்தபோது, வேலையாட்கள் எல்லாக் கார்களின் பெல்ட்டுகளையும் வெளியே இழுத்து சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார்கள். கதவுகள் திறந்து கிடக்க, ஒவ்வொரு காரிலிருந்தும் ஈர நாக்கு தொங்குவது போலப் பெல்ட்டுகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

"என்னண்ணா, எல்லா பெல்ட்டும் ஈரமா இருக்கு?" என்றாள் அவள், வாசலில் நின்ற வாடிக்கையாளர்களுக்கும் கேட்கும்படி. "மறுபடியும் வெள்ளமா?"

ஒரு வேலையாள் வாயைப் பொத்திக்கொண்டு கார்களுக்குப் பின்னால் ஓடினான். பளபளாவின் கழுத்து நரம்பு எழுந்து அடங்கியது.

அந்த வாரத்திலிருந்து நர்ஸ் ஞாயிறுகளுக்காகவே வாழத் தொடங்கினாள் என்று சொன்னால் மிகையாகாது. கிட்டங்கியில் பஞ்சு மடிக்கும்போது, அடுத்த முறை கேட்க வேண்டிய கேள்விகளை மனத்துக்குள் அடுக்கிப் பார்ப்பாள். சில கேள்விகள் நினைப்பிலேயே இனித்தன. கிட்டங்கியின் ஒற்றைச் சன்னலில் மழை அடிக்கும். மழைக்காலம் முடியப்போகிறது என்பது அவளுக்கும் தெரியும். ஆயினும் ஒவ்வொரு மழைக்கும் அவள் நினைவு முதலில் மேம்பாலத்துக்குப் போய், அங்கிருந்து பளபளாவின் சிரிப்புக்குப் போய், அங்கேயே நின்றுவிடும்.

மூன்றாவது ஞாயிறு பளபளா இறங்கி வந்தார். அலுவலக அறையில், முதன்முறையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"தங்கச்சி, நடந்தது நடந்துபோச்சு. அந்த வெள்ளை வண்டியக் கொண்டாந்து விட்டுடு. இந்த வரிசையில உனக்குப் புடிச்சத எடுத்துக்கோ. ஒரு பைசா வேண்டாம். நீ திறந்து பாத்தே எடுத்துக்கோம்மா."

வரிசையில் நல்ல கார்களும் இருந்தன. ஒவ்வொரு பெல்ட்டையும் இழுத்துப் பார்த்தவள் ஆகையால் எது நல்லது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு சொல் சொன்னால் போதும், நூல் வியாபாரியின் வீட்டுப் படியில் மறுநாளே ஏறலாம்.

"பாத்துக்கிட்டே இருக்கேண்ணா" என்றாள். "நமக்குள்ள என்ன அவசரம்?"

கணவனிடம் இதை அவள் சொல்லவில்லை. ஆனால் அவன் வேறு இடத்தில் தேடிக்கொண்டிருந்தான். லிஃப்ட் பழுது பார்க்கப் போன ஒரு குடியிருப்பில், ஒரு தையல்காரப் பெண்மணி தன் சிறிய காரை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டு, போய்ப் பார்த்து, ஓட்டியும் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வந்து முடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வந்தான். அந்த ஞாயிறும் அவள் யார்டுக்குப் போய்விட்டாள். அவள் திரும்புவதற்குள் அந்தக் காரை வேறு யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று மாலை அவள் அடுப்பில் முட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கணவன் வாசற்படியில் நின்றான்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. உனக்குக் கார் வேணுமா, இல்ல மாமாவைக் கதற வைக்கணுமா?"

"ரெண்டும்."

"ஒண்ணுதான் கிடைக்கும்."

"அப்போ ரெண்டாவது" என்றாள்.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவளுக்கே கேட்டது. வாணலியில் முட்டை ஓரம் கருகத் தொடங்கியது. கணவன் மெதுவாக, "உனக்குக் கட்டுப் போடத் தெரியும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தான்.

மறுநாள் மேற்பார்வை அம்மா அவளைக் கூப்பிட்டனுப்பினார். அந்த வீடுகளை அடுத்த வாரம் புதிய பெண்ணிடம் ஒப்படைக்கப் போவதாகச் சொன்னார். நூல் வியாபாரியின் காலைப் பற்றி அந்தப் பெண்ணுக்கு விளக்கி எழுதித் தரும்படியும் கேட்டுக்கொண்டார். நர்ஸ் பேனாவை எடுத்தாள். இடது குதிகால், ஓரத்தில் புதுத் தோல் வருகிறது, பஞ்சை அழுத்தக் கூடாது. அவ்வளவு எழுதியதும் அவளுக்கு மேலே ஓடவில்லை. அந்தப் புதுத் தோல் அவள் கை பட்டு வளர்ந்தது.

அதே வாரத்தில் ஒரு மாலைப் பொழுதில், வீட்டு வாசலில் செங்கல் வந்து நின்றது. செங்கல் என்பது பளபளாவின் மனைவியினுடைய காருக்கு அந்தக் குடும்பத்தில் வழங்கிய பெயர். சுட்ட மண் நிறம், சதுர உருவம், ஒரு பக்கக் கண்ணாடியை ஏற்ற வேண்டுமென்றால் கையால் தாங்கிப் பிடிக்க வேண்டும். எவரும் வாங்க மாட்டார்கள் என்பதால் பளபளா அதை விற்கவே முயன்றதில்லை. ஆனால் தன் மனைவி ஓட்டும் வண்டி என்பதால், எண்ணெய் மாற்றுவதிலிருந்து பிரேக் வரை எதையும் தள்ளிப்போட்டதுமில்லை.

அண்ணி உள்ளே வந்து உட்காரவில்லை. புருஷனுக்காகப் பரிந்து பேச வந்திருக்கிறார் என்று எண்ணி, நர்ஸ் தன் இனிமையான குரலைத் தயாராக்கிக்கொண்டாள்.

"வாங்க அண்ணி. அண்ணன் சௌக்கியமா?"

"அந்தக் கொஞ்சல் எல்லாம் அவர்கிட்ட வச்சுக்கோ" என்றார் அண்ணி. "நான் கார் விக்க வந்திருக்கேன். என் வண்டிய நீ எடுத்துக்கோ. அந்த வெள்ளைய எனக்குக் குடு. ரெண்டும் சரியாப்போச்சு. என் பேர்ல இருக்கற வண்டி, அவரைக் கேக்கணும்னு அவசியம் இல்ல."

"எதுக்கு அண்ணி?"

"ஒரே ஒரு பேச்சு. ஞாயித்துக்கிழமை நீ இனிமே அங்க போகக் கூடாது."

நர்ஸின் முகம் இறுகியது. "அதானே பாத்தேன். அண்ணனைக் காப்பாத்த வந்தீங்களா?"

"போடி இவளே! காப்பாத்தவா?" அண்ணி வாசற்கதவில் சாய்ந்துகொண்டார். அவருடைய விரல் நுனிகளில் தடித்த ஊசி குத்திய தழும்புகள் கறுப்பாகத் தெரிந்தன. "அந்த வெள்ளை வண்டி சீட்டை அவர் வீட்டுக்குக் கொண்டாந்தப்போ, கம்பியெல்லாம் துரு. என்னங்க இதுன்னு கேட்டேன். மழையில கண்ணாடி திறந்து கிடந்துச்சுன்னார். சரின்னு கவரைத் தச்சு அந்தத் துருவை மூடினது இந்தக் கை. 'தங்கமா ஒரு வண்டி'ன்னு என் தம்பிக்குப் போன் பண்ணினது இந்த வாய். என் கையையும் வாயையும் வச்சு என் தம்பிக்கே வித்திருக்காரு. அன்னையிலேருந்து இவன் என் வீட்டுப் படி ஏறல. கேட்டா, 'வியாபாரத்துல இதெல்லாம் சகஜம், நீ தையலப் பாரு'ங்கறாரு."

கணவன் பின்னாலிருந்து, "அக்கா, அத விடுக்கா" என்றான்.

"நீ சும்மா இருடா. உன் மரியாதைதான் உன்னைக் கெடுத்துச்சு." அவர் நர்ஸிடம் திரும்பினார். "வாரத்துக்கு ஒரு நாள் போய் நீ கேள்வி கேக்கறே. மிச்ச நாளெல்லாம் அவர் நல்லாத் தூங்கறாரு. நீ பண்றது பத்தாது. இடத்தைக் காலி பண்ணு, நான் பாத்துக்கறேன்."

தட்டில் வைத்த சோற்றைப் பாதியில் யாரோ எடுத்துக்கொண்டு போவது போல இருந்தது நர்ஸுக்கு. அதே நேரத்தில், நீட்டி வைத்த ஒரு காலும் அதன் ஓரத்தில் வளரும் இளஞ்சிவப்புத் தோலும் கண்முன் வந்தன.

"வண்டியைப் பாக்கறேன்" என்றாள்.

"பாரு. நல்லாப் பாரு."

"ஏய், அக்கா வண்டிய..." என்று கணவன் பதறினான்.

"இவனை உள்ள போகச் சொல்லு" என்றார் அண்ணி. "எஞ்சின் ஆறட்டும். சூடா இருக்கற எஞ்சின் எல்லாம் நல்ல எஞ்சின்தான்."

எஞ்சின் ஆறும் வரை இரு பெண்களும் சுவரோரம் நின்று பால் இல்லாத டீ குடித்தார்கள். அதிகம் பேசிக்கொள்ளவில்லை. பிறகு நர்ஸ் பானெட்டைத் திறந்தாள். எண்ணெய் அளக்கும் கம்பியை உருவித் துடைத்துப் பார்த்தாள். சீட்டுக்கு அடியில் கைவிட்டுக் கம்பியைத் தடவினாள். நான்கு பெல்ட்டுகளையும் கடைசி வரை இழுத்தாள். அண்ணி மார்பில் கைகளைக் கட்டிக்கொண்டு, ஒருமுறைகூட முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். சாவியைத் திருப்பியதும் செங்கல் ஒரே இருமலில் எழுந்து, சீராக ஓடத் தொடங்கியது.

"இந்தக் கண்ணாடியைக் கையால தூக்கணும்" என்றார் அண்ணி. "மத்தபடி வழியில நிக்காது. உள்ளே இருந்து என் மிஷின் ஊசி டப்பாவை மட்டும் எடுத்துக்கறேன்."

வெள்ளைக் கார் அன்று தெருமுனை வரை போய் நின்றது. கணவனும் மெக்கானிக்கும் தள்ளினார்கள். உள்ளே அண்ணி, கல்யாண ஊர்வலத்தில் உட்கார்ந்திருப்பது போல நிமிர்ந்து உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார்.

மறுநாள் மேற்பார்வை அம்மா நிறுவன வாசலுக்கு வந்து செங்கலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "அழகு ஒண்ணும் இல்ல" என்றார். நர்ஸ் ஓட்டிக் காட்டினாள். பழைய வீடுகள் அவளிடமே திரும்பி வந்தன. காலையில் கணவன் வேனில் மகளை ஏற்றிக்கொண்டு ஒரு பக்கம் போக, அவள் மருந்துப் பையை முன் இருக்கையில் வைத்துக்கொண்டு மறுபக்கம் போனாள். மழையிலும் செங்கல் நிற்கவில்லை.

ஆயினும் ஞாயிறு நெருங்க நெருங்க அவளுக்குக் கை நமநமத்தது. வெறுமனே இருக்க முடியாமல், ஞாயிற்றுக்கிழமையிலும் தனக்கு வேலை வேண்டும் என்று தானே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நூல் வியாபாரி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவள் கையுறை மாட்டும் முன் போன் அடித்தது. பளபளா.

"தங்கச்சி!" பின்னணியில் தையல் மிஷின் ஓடும் சத்தமும் யார் யாரோ பேசும் சத்தமும் கேட்டன. "உங்க அண்ணி மிஷினக் கொண்டாந்து யார்டு வாசல்லயே போட்டுட்டா. அந்த வெள்ளை வண்டிய முன்னாடி நிறுத்தி, கவரை அவுத்து, வரவன் போறவனுக்கெல்லாம் துருவைக் காட்டறா. 'கவர் நான் தச்சது, உள்ள இருக்கறது அவருது'ங்கறா. மத்த வண்டி கவரையெல்லாம்கூட உருவிட்டாம்மா! வீட்டுக்குப் போனா ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறா. எங்க போனாலும் அந்த வெள்ளையிலதான் வருவேன்னு என்னையே தள்ள விடறா. போன வாரம் பூரா நான் தள்ளினேன் தங்கச்சி!"

"அப்படியாண்ணா?"

"நீயே வாம்மா. எப்பவும் போல வா. பெல்ட்டை இழு, பானெட்டைத் திற, எத்தனை கேள்வி வேணும்னாலும் கேளு. டீ வாங்கி வைக்கறேன். இவளை மட்டும் எப்படியாவது கூட்டிக்கிட்டுப் போயிடு!"

மிஷின் சத்தம் நின்றது. யாரோ ஒரு பெண் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. மிஷின் மறுபடி ஓடியது.

"வர முடியாதுண்ணா" என்றாள் நர்ஸ், எப்போதும் போல மரியாதையாக. "வேலையில இருக்கேன்."

போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். அது அங்கேயே மறுபடி அதிர ஆரம்பித்தது.

"யாரும்மா?" என்றார் நூல் வியாபாரி.

"எங்க அண்ணன்."

"திரும்பத் திரும்ப அடிக்குதே. அவசரமா இருக்கப்போகுது."

"அவருக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அவள் கையுறையை மாட்டினாள். பழைய கட்டின் ஓரத்தைப் பிடித்து, மெதுவாக, மிக மெதுவாகப் பிரிக்கத் தொடங்கினாள்.